சிறு படகும் பெரிய எண்ணும்: பிரிட்டனின் குடியேற்ற விவாதத்தைச் சோதித்துப் படிப்பது எப்படி

பிரிட்டனில் குடியேற்றம் பற்றி யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், அது சரியா தப்பா என்று உடனே தேடப் போகாதீர்கள். எதை எண்ணிய எண் அது என்று முதலில் கேளுங்கள். இந்த விவாதத்தில் முழுப் பொய் என்று சொல்லத்தக்க எண்கள் குறைவு. ஒன்றை எண்ணிவிட்டு இன்னொன்றுக்குச் சாட்சியாகக் காட்டும் எண்கள்தான் அதிகம். தடுப்புச் சுவர் கேட்பவர்களும் கதவைத் திறக்கச் சொல்பவர்களும் இதைக் கொஞ்சமும் வித்தியாசமில்லாமல் செய்கிறார்கள்.

எந்தக் கணக்கு என்று முதலில் பிரியுங்கள்

கையில் வந்த எண் கீழே உள்ள ஐந்தில் எது என்று பாருங்கள்.

1. மொத்த வருகை: ஓராண்டில் வந்து, குறைந்தது 12 மாதமாவது தங்குபவர்கள். மாணவர், செவிலியர், கணினிப் பணியாளர், குடும்ப விசாவில் வந்தவர், புகலிடம் கேட்டவர் எல்லாரும் இதில் அடக்கம்.
2. நிகரக் குடியேற்றம்: வந்தவர்களில் இருந்து போனவர்களைக் கழித்தது.
3. புகலிடக் கோரிக்கை: அந்த ஆண்டில் கோரிக்கை வைத்தவர்கள்.
4. சிறு படகு வருகை: ஆங்கிலக் கால்வாயைச் சிறு படகில் கடந்து வந்து பதிவானவர்கள்.
5. இருப்பு: புகலிடம் கேட்டவர்களில் ஒரு குறிப்பிட்ட நாளில் அரசு செலவில் ஹோட்டலில் இருப்பவர்கள், முடிவுக்காகக் காத்திருப்பவர்கள்.

முதல் இரண்டையும் தேசியப் புள்ளியியல் அலுவலகம் மே, நவம்பர் மாதங்களில் வெளியிடுகிறது. மற்ற மூன்றும் உள்துறை அமைச்சகத்தின் கணக்கு. அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் கடைசி வாக்கில், வழக்கமாக ஒரு வியாழக்கிழமை வரும். படகுக் கணக்கு மட்டும் நாள்வாரியாகவும் கிடைக்கும். செய்தியில் வந்த எண் எந்த வெளியீட்டில் இருக்கிறது என்று தேடி, அட்டவணையின் தலைப்பைப் படியுங்கள். இந்த வேலைக்குப் பத்து நிமிடம் போதும். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

2024ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டின் மொத்த வருகை 9,48,000 என்று முதல் மதிப்பீடு சொன்னது. புகலிடம் கேட்டவர்கள் 1,08,138 பேர். படகில் வந்தவர்கள் 36,816 பேர். "படகில் வருவோர் மொத்தத்தில் 4 விழுக்காடுதான், எதற்கு இந்தக் கூச்சல்?" என்று ஒருவர் கேட்டால், கணக்கில் தவறில்லை. "புகலிடம் கேட்பவர்களில் மூன்றில் ஒருவர் படகில் வந்தவர்" என்று அடுத்தவர் சொன்னால் அதுவும் சரிதான். எதைக் கீழே வைத்து வகுத்தார்கள் என்பதில்தான் வித்தை இருக்கிறது. ஆகவே விழுக்காடு என்று வந்தால், அதைச் சொன்னவரிடம் எதில் இத்தனை விழுக்காடு என்று கேட்டுவிட்டே அடுத்த வரிக்குப் போங்கள்.

தமிழ்நாட்டில் இருந்து முதுகலை படிக்கப் போனவரும், முதியோர் பராமரிப்பு விசாவில் போனவரும் முதல் இரண்டு கணக்கில் மட்டுமே வருவார்கள். நிகரக் குடியேற்ற எண்ணைப் படகுப் படத்தோடு சேர்த்துப் போடும் செய்தி, அவர்களையும் படகில் ஏற்றிவிடுகிறது என்று அர்த்தம்.

முதல் மதிப்பீட்டை நம்பி வாதம் கட்டாதீர்கள்

2023 ஜூன் வரையிலான ஓராண்டுக்கான நிகரக் குடியேற்றம், 2023 நவம்பரில் 6,72,000 என்று அறிவிக்கப்பட்டது. 2024 மேயில் அதே காலத்துக்கு 7,40,000 என்றார்கள். 2024 நவம்பரில் 9,06,000 ஆயிற்று. காலம் மாறவில்லை, எண் மட்டும் இரண்டு முறை மாறியது. திருத்தம் கீழ்நோக்கியும் வரும்: 2024ஆம் ஆண்டுக்கு முதலில் சொன்ன 4,31,000, 2025 நவம்பரில் 3,45,000 ஆகக் குறைந்தது. பிரிட்டன் குடிமக்களே எத்தனை பேர் நாட்டை விட்டுப் போகிறார்கள் என்று கணக்கிடும் முறையை மாற்றியது அதற்குப் பெரிய காரணம்.

இதைச் சதி என்று படிப்பவர்கள் உண்டு. காரணம் அவ்வளவு சுவாரசியமானது இல்லை. முன்பு விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் பயணிகளை நிறுத்திக் கேட்கும் ஒரு கருத்துக்கணிப்பை வைத்துக் கணித்தார்கள். 2020 மார்ச்சில் கோவிட்டால் அது நின்றது. அதன்பின் விசா, எல்லைப் பதிவு, வரிப் பதிவு போன்ற நிர்வாகத் தரவுகளுக்கு மாறினார்கள். ஒருவர் 12 மாதம் தங்கினாரா என்பது 12 மாதம் கழித்துத்தானே தெரியும்? அதற்கு முன்பு வரும் எண் ஊகம் கலந்தது. எண்ணைப் பகிரும்போது எந்த மாதம் வெளியானது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பழைய மதிப்பீட்டைப் புதிய மதிப்பீட்டோடு ஒப்பிட்டு "ஏறிவிட்டது", "இறங்கிவிட்டது" என்று சொல்வது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. ஒப்பிட வேண்டுமானால் ஒரே வெளியீட்டில் உள்ள இரண்டு ஆண்டுகளை எடுங்கள்.

நிகரக் குடியேற்றம் இறங்கியதற்கு யார் காரணம் என்ற சண்டையில் தேதிகளை வரிசையாக வையுங்கள். பெரும்பாலான மாணவர்கள் குடும்பத்தை அழைத்துவரும் வழி 2024 ஜனவரியில் அடைபட்டது. பராமரிப்புப் பணியாளர்களுக்கு 2024 மார்ச் 11இல். திறன் பணியாளர் விசாவுக்கான பொதுவான ஊதிய வரம்பு 2024 ஏப்ரல் 4இல் 26,200 பவுண்டில் இருந்து 38,700 பவுண்டுக்கு ஏறியது. கன்சர்வேட்டிவ் கட்சியிடம் இருந்து லேபர் கட்சிக்கு ஆட்சி மாறியது 2024 ஜூலையில். ஊதிய வரம்பை 41,700 ஆக்கியதும், வெளிநாட்டில் இருந்து பராமரிப்புப் பணியாளர் எடுப்பதை நிறுத்தியதும் 2025 ஜூலை 22இல். இந்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டால் எந்தக் கட்சிப் பேச்சாளரின் பெருமையில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று நீங்களே எடைபோடலாம்.

படகுக் கணக்கில் கால் இடறும் இடங்கள்

2018இல் 299 பேர். 2019இல் 1,843. 2021இல் 28,526. 2022இல் 45,774, இதுதான் உச்சம். 2023இல் 29,437. 2024இல் 36,816. இந்த வரிசையை வைத்துக்கொண்டு எவரும் தாம் விரும்பிய கதையைச் சொல்லலாம். "2022இல் இருந்து குறைவு" என்று ஒருவர், "2023இல் இருந்து ஏற்றம்" என்று இன்னொருவர். தொடக்க ஆண்டை யார் தேர்ந்தெடுத்தார் என்று பாருங்கள். முடிந்தால் முழு வரிசையையும் போடுங்கள்.

2018க்கு முன்பு யாரும் வரவில்லை என்று இந்த வரிசையைப் படித்துவிடக் கூடாது. அப்போது லாரிகளிலும் ரயிலிலும் ஒளிந்து வந்தார்கள். பிரான்ஸின் கலே துறைமுகத்திலும் கால்வாய்க்கு அடியில் போகும் சுரங்கப்பாதையிலும் வேலியும் சோதனையும் இறுகிய பிறகு, கோவிட்டில் லாரிப் போக்குவரத்தும் குறைய, கடத்தல்காரர்கள் கடலுக்கு மாறினார்கள். லாரியில் ஒளிந்து வந்தவர் பலர் எந்தக் கணக்கிலும் வராமல் போனார்கள். படகில் வருபவரோ கிட்டத்தட்ட எல்லாரும் நடுக்கடலிலேயே பிடிபட்டுப் பதிவாகிறார்கள். ஒளிந்து வந்த காலத்தையும் பதிவாகி வரும் காலத்தையும் நேரே ஒப்பிட முடியாது.

வாராந்திர ஏற்ற இறக்கம் பெரும்பாலும் காற்றும் அலையும். கடல் அடங்கிய ஒரே நாளில், 2022 செப்டம்பர் 3 அன்று, 1,305 பேர் வந்திருக்கிறார்கள். பத்து நாள் யாரும் வரவில்லை என்றால், கொள்கை பலித்ததா கடல் கொந்தளித்ததா என்று வானிலையைப் பார்த்த பிறகே முடிவு கட்டுங்கள். படகுகளின் எண்ணிக்கை குறைந்ததாக அரசு சொன்னால், ஆட்களின் எண்ணிக்கையைக் கேளுங்கள். 2024இல் ஒரு படகுக்குச் சராசரியாக 53 பேர். முந்தைய ஆண்டுகளை விட இது அதிகம். படகு குறைந்தாலும் தலைக்கணக்கு ஏறலாம்.

"சட்டவிரோதக் குடியேறி" என்ற சொல்லிலும் இரண்டு சட்டம் மோதுகிறது. 2022இல் வந்த சட்டப்படி, முன் அனுமதியில்லாமல் வந்து இறங்குவதே குற்றம். அகதிகள் உடன்படிக்கையோ, அபாயத்தில் இருந்து நேரே வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் போய்ச் சொல்பவரை அனுமதியில்லாமல் நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. பிரான்ஸ் வழியாக வந்தவருக்கு இது பொருந்துமா என்பதில் வழக்கறிஞர்களே ஒத்துப்போவதில்லை. படகில் வந்தவர்களில் ஏறக்குறைய 95 விழுக்காட்டினர் புகலிடம் கேட்கிறார்கள் என்பதில் மட்டும் தகராறு இல்லை.

காத்திருப்போர் பட்டியலும் ஏற்பு விகிதமும்

அமைச்சர்கள் அதிகம் விளையாடும் மைதானம் இது. 2023 ஜூன் இறுதியில் முதல் முடிவுக்காகக் காத்திருந்தவர்கள் 1,75,457 பேர். 2024 தொடக்கத்தில் ரிஷி சுனக் அரசு "பழைய தேக்கம் முடிந்தது" என்று அறிவித்தது. பழைய தேக்கம் என்றால் 2022 ஜூன் 28க்கு முன்பு வந்த கோரிக்கைகள் மட்டும். அதிலும் ஏறக்குறைய 4,500 சிக்கலான கோப்புகள் பாக்கி இருந்தன. அதன் பிறகு வந்த கோரிக்கைகள் பல்லாயிரம் தனியே கிடந்தன. புள்ளியியல் ஆணையமே இந்த அறிவிப்பைக் குறை சொல்லிக் கடிதம் எழுதியது.

இந்த வகை அறிவிப்பு வந்தால் நான்கு கேள்வி போதும். எண்ணியது ஆட்களையா கோப்புகளையா? ஒரு கோப்பில் மனைவி, பிள்ளைகள் இருப்பார்கள், ஆட்கணக்கு எப்போதும் பெரிது. முதல் முடிவுக்குக் காத்திருப்பவர் மட்டுமா, மேல்முறையீட்டில் இருப்பவரும் சேர்த்தா? 2025 ஜூனில் முதல் வரிசை 70,532 கோப்புகளாகச் சுருங்கியபோது, மேல்முறையீட்டு வரிசை 50 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. தீர்ந்த கோப்புகளில் எத்தனை உண்மையில் முடிவெடுத்தவை, எத்தனை "கோரிக்கை கைவிடப்பட்டது" என்று மூடியவை? நேர்காணலுக்கு வரவில்லை, படிவம் அனுப்பவில்லை என்றும் மூடுவதுண்டு. கடைசியாக, எந்தத் தேதி நிலவரம்?

ஏற்பு விகிதத்துக்கும் இதே கண் வேண்டும். முதல் முடிவில் ஏற்கப்பட்டவை 2022இல் 76 விழுக்காடு, 2023இல் 67, 2024இல் 47. மேல்முறையீட்டில் வென்றவர்கள் இதில் இல்லை. மூடப்பட்ட கோப்புகளும் வகுக்கும் எண்ணில் சேர்வதில்லை. எந்த நாட்டுக்காரர் கோப்பு அந்த ஆண்டில் அதிகம் தீர்ந்தது என்பதைப் பொறுத்தும் விகிதம் ஆடும். "பாதிப் பேர் பொய்க் கோரிக்கை" என்று 47ஐ வைத்துச் சொல்வதும் தவறு, "முக்கால்வாசிப் பேர் உண்மையான அகதிகள்" என்று பழைய 76ஐ இன்றும் இழுப்பதும் தவறு.

ஹோட்டலும் பணமும்

ஹோட்டலில் இருந்தவர்கள் 2023 செப்டம்பரில் 56,042, 2025 ஜூனில் 32,059. செலவும் அதற்கேற்ப இறங்கியது. 2023-24இல் ஒரு நாளைக்கு 80 லட்சம் பவுண்டுக்கு மேல், 2024-25இல் 60 லட்சத்துக்குக் கீழ். பழைய எண்ணே இன்றும் மேடைகளில் சுற்றுகிறது.

இந்தப் பணம் தங்குபவர் கைக்குப் போவதில்லை. சாப்பாடு தரும் ஹோட்டலில் இருப்பவருக்கு 2025 நிலவரப்படி வாரத்துக்கு 10 பவுண்டுக்கும் குறைவு, சமைத்துச் சாப்பிடும் வீட்டில் இருப்பவருக்கு 49.18 பவுண்டு. வேலைக்கு அனுமதி கேட்கவே 12 மாதம் காத்திருக்க வேண்டும், கிடைத்தாலும் குறிப்பிட்ட பட்டியலில் உள்ள வேலைதான். பெரும் பணம் ஒப்பந்த நிறுவனங்களுக்குப் போகிறது. 2019இல் போட்ட பத்தாண்டு ஒப்பந்தங்களுக்கு முதலில் மதிப்பிட்டது 450 கோடி பவுண்டு. தேசியத் தணிக்கை அலுவலகம் 2025இல் அதை 1,530 கோடி என்றது. 2024-25இன் முதல் ஏழு மாதத்தில் தங்கவைக்கப்பட்டவர்களில் 35 விழுக்காட்டினர் ஹோட்டலில் இருந்தார்கள், செலவில் 76 விழுக்காட்டை ஹோட்டல் விழுங்கியது. வரிப்பணம் வீணாகிறது என்ற கோபம் நியாயமானதே. கோப்பு மெதுவாக நகர்வதும் மோசமான ஒப்பந்தமும் அதில் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

"திருப்பி அனுப்பினோம்" என்ற எண்ணையும் உடைத்துப் பாருங்கள். கட்டாயமாக விமானத்தில் ஏற்றியவர், உதவி வாங்கிக்கொண்டு தானாகப் போனவர், சொல்லாமல் போய்ப் பின்னால் கணக்கில் தெரிந்தவர் எல்லாரையும் சேர்த்தே இந்த எண் சொல்லப்படும். 2024இல் கட்டாயமாக அனுப்பப்பட்டவர்கள் மொத்தத்தில் சுமார் நான்கில் ஒரு பங்கு. படகில் வந்தவர் எத்தனை பேர் என்பது இன்னும் சிறிய கணக்கு.

குற்ற விகிதம் பற்றி ஒரு சொல். "வெளிநாட்டில் பிறந்தவர்", "வெளிநாட்டுக் குடிமகன்", "வெள்ளையர் அல்லாதவர்" மூன்றும் வேறு வேறு கூட்டம். கைது, குற்றச்சாட்டு, தண்டனை மூன்றும் வேறு வேறு எண்ணிக்கை. எந்த நாட்டிலும் இளம் ஆண்களே அதிகம் குற்றத்தில் சிக்குகிறார்கள். புகலிடம் கேட்போரில் அவர்களே அதிகம். வயதையும் பாலினத்தையும் சமன்செய்யாத ஒப்பீடு எதையும் நிறுவாது, எந்தப் பக்கத்துக்கும்.

கலவரம் தொடங்கிய முதல் 48 மணி நேரம்

2024 ஜூலை 29 அன்று இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் ஒரு நடன வகுப்பில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். சில மணி நேரத்தில் கொலையாளி என்று ஓர் இஸ்லாமியப் பெயரும், படகில் வந்தவன் என்ற கதையும் பரவின. செய்தித் தளம் போலத் தோன்றிய ஒரு தளமும் அதை வெளியிட்டது. ஆனால் கைதானவன் கார்டிஃபில் பிறந்த 17 வயதுப் பையன் என்று அன்றே போலீஸ் சொல்லியிருந்தது. மறுநாள் போலீஸ் அந்தப் பெயரையும் மறுத்தது. அன்று இரவே சவுத்போர்ட் மசூதி தாக்கப்பட்டது. ஆகஸ்ட் 1 அன்று லிவர்பூல் நீதிமன்றம் உண்மைப் பெயரை வெளியிட அனுமதித்தது. ஆகஸ்ட் 4 அன்று ராதரம் அருகே புகலிடம் கேட்டோர் தங்கியிருந்த ஹோட்டலுக்குத் தீ வைக்க முயன்றார்கள்.

பெயர் வராமல் இருந்ததற்குக் காரணம் சட்டம். இங்கிலாந்தில் 18 வயதுக்கு உட்பட்டவர் குற்றம் சாட்டப்பட்டால் பெயரை மறைக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். பெரியவராக இருந்தாலும் குற்றச்சாட்டு பதிவாகும்வரை போலீஸ் வழக்கமாகப் பெயர் சொல்லாது. கைது நடந்த பிறகு விசாரணையைக் கெடுக்கும்படி எழுதினால் நீதிமன்ற அவமதிப்பு. இந்த மௌனத்தை மூடிமறைப்பு என்று படிப்பது எளிது. மௌனம் சில இடங்களில் அளவுக்கு மீறி நீண்டதும் உண்மை. அதனால்தான் 2025 ஆகஸ்ட் 13 அன்று, பெரிய வழக்குகளில் சந்தேக நபரின் நாட்டையும் இனத்தையும் சொல்வது பற்றிப் போலீஸ் துறைக்கு இடைக்கால வழிகாட்டுதல் வந்தது.

ஆகவே இப்படி ஒரு நாளில்: அந்த வட்டாரப் போலீஸின் அறிக்கையை எடுங்கள், சவுத்போர்ட் என்றால் மெர்சிசைடு போலீஸ், லண்டன் போலீஸ் அல்ல. அறிக்கையில் "கைது" என்று இருக்கிறதா "குற்றம் சாட்டப்பட்டார்" என்று இருக்கிறதா பாருங்கள். "கைது" நிலையில் ஒரு பெயர் சுற்றினால் அதற்கு ஊற்று எது என்று தேடுங்கள், ஒன்றை ஒன்று மேற்கோள் காட்டும் பத்துப் பதிவுகள் ஒரே ஊற்றுத்தான். குற்றச்சாட்டு வந்ததும் பெயர், வயது, ஊர் பொதுவாக அதிகாரபூர்வமாகவே வரும். அதுவரை பொறுத்தால் போதும்.

வீடியோவுக்குக் கையில் இருக்கும் கருவியே போதும். மூன்று நான்கு இடங்களில் நிறுத்தித் திரைப்பிடிப்பு எடுத்துக் கூகுள் லென்ஸில் போடுங்கள், பழைய வீடியோ என்றால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். அகப்படாவிட்டால் கார் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். பிரிட்டனில் முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் மஞ்சள். அயர்லாந்தில் இரண்டும் வெள்ளை. 2023 நவம்பர் 23 டப்ளின் கலவரக் காட்சி இங்கிலாந்து என்று வந்தால் இதிலேயே தெரியும். பிரிட்டன் பிளேட்டில் முதல் இரண்டு எழுத்துக்குப் பின் வரும் இரண்டு இலக்கம் பதிவான அரையாண்டைக் காட்டும்: 24 என்றால் 2024 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, 74 என்றால் 2024 செப்டம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை. 2024 ஆகஸ்ட் கலவரம் என்று வந்த காட்சியில் 74 பிளேட் ஓடினால் காட்சி அப்போதையது இல்லை. வட அயர்லாந்து பிளேட்டுக்கு இந்த விதி பொருந்தாது. வெளிச்சத்தையும் பாருங்கள்: ஆகஸ்ட் முதல் வாரத்தில் அங்கே இரவு 9 மணி வாக்கில்தான் இருட்டும். பதிவின் நேரத்தைப் படிக்கும்போது, கோடையில் இந்தியாவும் இலங்கையும் நாலரை மணி நேரம் முன்னால் இருப்பதைக் கழித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சம்பவம் நடப்பதற்கு முன்பே பதிவு வந்ததாகத் தோன்றி, அதுவே புதிய சதிக் கதை ஆகிவிடும்.

பகிரும் முன், குறிப்பாக அங்கே இருப்பவர்கள்

நல்லெண்ணத்தில் அனுப்பும் எச்சரிக்கையும் சேதம் செய்யும். 2024 ஆகஸ்ட் 7க்கு முன்பு, குடியேற்ற வழக்கறிஞர் அலுவலகங்கள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட முகவரிகள் கொண்ட தாக்குதல் பட்டியல் டெலிகிராமில் இருந்து பல சமூகங்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் போனது. கடைகள் பகலிலேயே இழுத்துச் சாத்தப்பட்டன. பெரும்பாலான இடங்களில் தாக்க யாரும் வரவில்லை, எதிர்ப்புக் கூட்டம்தான் ஆயிரக்கணக்கில் வந்தது. பட்டியல் கிடைத்தால் முழுதாக முன்னனுப்பாமல், அதில் உங்கள் தெரு இருந்தால் போலீஸின் 101 எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள், கண்முன் ஆபத்து என்றால் 999. பட்டியலில் பெயர் உள்ள கடைக்காரரிடம் நேரே சொல்லுங்கள்.

சட்டம் கடுமையானது. பொய் என்று தெரிந்தே, தீங்கு செய்யும் நோக்கில் செய்தி அனுப்புவது 2023 இணையப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம், அந்தப் பிரிவு 2024 ஜனவரி 31 முதல் நடப்பில் இருக்கிறது. இன வெறுப்பைத் தூண்டினால் 1986 பொது ஒழுங்குச் சட்டப்படி ஏழாண்டு வரை. சவுத்போர்ட் நாளில் புகலிடம் கேட்டோர் ஹோட்டல்களுக்குத் தீ வைக்கச் சொல்லி எழுதிய ஒருவர், சுமார் மூன்றரை மணி நேரத்தில் பதிவை அழித்தும் 31 மாதத் தண்டனை பெற்றார். அதற்குள் பதிவு 3,10,000 முறை பார்க்கப்பட்டிருந்தது. பிரிட்டன் குடியுரிமை இல்லாதவருக்கு 12 மாதமோ அதற்கு மேலோ சிறை விதிக்கப்பட்டால், சில விலக்குகள் தவிர, நாடுகடத்தல் உத்தரவும் தானாகப் பின்தொடரும். மாணவர் விசாவில் இருப்பவரும் இதில் அடக்கம், அவர் எழுதியது தமிழில் என்றாலும்.